நாத்தனார் கையெழுத்து

சென்ற வாரம் என்னை ஒரு கையில் பிரஷர் மெஷினும் மறு கையில் ஃபைலுமாக மாஸ்டரின் கட்டிலருகே நிறுத்திவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன். என் எடைக்கு இது நல்லதில்லை.

இந்த வாரம்தான் வருகிறவர்களுக்கு நாலு வரி. நான் வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். மாஸ்டர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். பத்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலை ஏழிலிருந்து இரண்டு வரை நான் பார்ப்பேன். இரண்டிலிருந்து ஒன்பது வரை என் நாத்தனார். ஆமாம், என் வீட்டுக்காரரின் சொந்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டில் சும்மா இருந்த என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தவரே அவர்தான்.

போன புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். மாஸ்டர் வீட்டு பிரஷர் மெஷினும் என் டிபன் பாக்ஸும் ஒரே மாதிரி நீலப் பையில் இருக்கும். டிபன் பாக்ஸை அலமாரியில் வைத்துவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வியாழன், வெள்ளி, சனி எங்கள் நர்ஸிங் ஆபீஸில் என்னை வேறொரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சாப்பாடு அவர்களே போட்டதால் பையைத் திறக்கவே இல்லை. அந்த மூன்று நாளும் மாஸ்டருக்குக் காலையிலிருந்து அண்ணி ஒருவர்தான். ஞாயிறன்று மாஸ்டரின் மகள் வந்து பார்த்துக்கொள்வதால் எங்கள் இருவருக்கும் விடுமுறை. அன்று மாலை பாத்திரம் கழுவலாம் என்று பையைத் திறந்தேன். உள்ளே மெஷின் உட்கார்ந்திருந்தது.

திங்கள் காலை யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடலாம் என்று சீக்கிரமே வந்தேன். வந்தவள் சும்மா இருக்காமல் ஃபைலைத் திறந்தேன்.

மூன்று நாள், காலை மதியம், ஆறு அளவுகள். நூற்று முப்பதுக்கு எண்பது. நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பது. நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. எல்லாம் அண்ணியின் கையெழுத்து. அச்சடித்த மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மெஷின் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அளவு இங்கே எப்படி வந்தது?

"அப்புறம்?" என்றார் மாஸ்டர் கட்டிலிலிருந்து.

பயந்துவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், டிவியை அணைத்தாலும் அப்புறம். அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அலமாரியில் என் டிபன் பாக்ஸ் இருந்தது. புதன்கிழமை மிச்சம் வைத்ததெல்லாம் போய், பளபளவென்று கழுவித் துடைத்து வைத்திருந்தது. யார் கழுவியது?

"வந்துடுச்சா மெஷினு?"

திரும்பினால் மாஸ்டரின் மனைவி. கையில் டீ டம்ளர்.

"அது... தெரியாம மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேம்மா."

"எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், குண்டு நர்ஸ் மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு."

"குண்டுன்னா சொன்னீங்க?"

"அடையாளம் கேட்டாங்க, சொல்லணும்ல?"

நியாயம்தான். நான் டீயை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, இந்த மூணு நாளும் அண்ணி எப்படி பிரஷர் பார்த்தாங்க?"

"கையைப் பிடிச்சுத்தான் பார்த்தா."

"மெஷின் வச்சா?"

"ஏதோ வச்சா. சின்னதா இருந்துச்சு."

"அண்ணியோட சொந்த மெஷினா?"

"அப்படித்தான் இருக்கும். விரல்ல ஊசி குத்துவாளே."

"அது சர்க்கரை பார்க்கிறதும்மா."

"அப்ப அதுதான். இல்ல இரு, அது நீ குத்தினதோ?" அவர் யோசித்தார். "எனக்கென்ன தெரியும்? நல்ல பொண்ணு அவ. என்கூட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவா. எனக்குக் கால் வலின்னா தைலம் எடுத்துக் கொடுப்பா. நீ வந்தா அவரையே புரட்டிப் புரட்டி எடுக்கிறே. என்னை ஏன்னுகூட கேட்கிறதில்லை."

ஆறு மாதமாக இந்த வீட்டுக்கு வருகிறேன். அவருக்குக் கால் வலி என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சரி, புரட்டும் வேலையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று மாஸ்டரை இடது பக்கம் திருப்பினேன். அவர் அடியில் ஒரு குறுக்கு விரிப்பு போட்டிருப்போம். அதைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் ஆள் தானாகத் திரும்புவார். சொல்வதற்குச் சுலபம். மாஸ்டர் எடையில் என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

திருப்பிவிட்டு முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

சிவப்பு வரும், போகும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. அழுத்தினேன். வெளுக்கவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அப்படியேதான் இருந்தது.

இதுதான் படுக்கைப் புண்ணின் வாசல்படி. தோல் இன்னும் கிழியவில்லை. ஆள் அசையாமல் இன்னும் இரண்டு நாள் இதன் மேலேயே படுத்தால் கிழியும். அதற்குப் பிறகு அது ஆறுவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

புதன்கிழமை நான் பார்த்தபோது இந்த முதுகு சுத்தமாக இருந்தது. மகள் பார்த்துக்கொண்ட ஞாயிறு ஒரு நாளில் இவ்வளவு சிவக்காது.

ஃபைலில் அடுத்த தாளைப் புரட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததற்கான தாள். எட்டு மணி இடது, பத்து மணி வலது, பன்னிரண்டு மணி மல்லாந்து. மூன்று நாளும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதே அச்சடித்த கையெழுத்து.

"அப்புறம்?" என்றார் மாஸ்டர், சுவரைப் பார்த்தபடி.

"அதான் மாஸ்டர் எனக்கும் புரியலை" என்றேன். இடுப்புக்குப் பின்னால் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்து, சிவப்பின் மேல் எதுவும் படாமல் படுக்க வைத்தேன். ஃபைலில் சிவப்பைக் குறித்தேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. யாராவது இரண்டையும் பார்த்தால் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள்.

பதினோரு மணிக்கு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"எங்கே இருக்கீங்க?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல."

"நானும் அப்படித்தான் இருக்கேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்தப் பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட சொந்தமா ஒரு மெஷின் இருக்கும்டி."

"இருந்தா?"

"அப்ப எழுதினது நிஜம். நீ கண்டதையும் நினைச்சுக் குழம்பாதே."

"முதுகு சிவந்திருக்கே. அது?"

"மனுஷனுக்கு ஆயிரம் காரணத்துல சிவக்கும்."

"எழுதுறதுக்கு முன்னாடி செய்யணும்னு உங்க வேலையில இல்லையா?"

"இருக்கு. மேலே லிஃப்ட் மெஷின் ரூம்ல ஒரு புத்தகம் தொங்கும். பிரேக் பார்த்தேன், கயிறு பார்த்தேன்னு கையெழுத்துப் போடணும்."

"போடுவீங்க?"

"போடாம?"

"பார்ப்பீங்க?"

"பார்ப்பேன்." ஒரு இடைவெளி. "பெரும்பாலும்."

"ஐயோ! இப்ப அந்த லிஃப்ட்டுக்குள்ளதானே நிக்கிறீங்க! இன்னிக்குப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் ஏறினேன், கத்தாதே. நானே உள்ளே ஏறணும்னா பார்க்காம இருப்பேனா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"அவ என் அக்காடி" என்றார் பிறகு, குரல் இறங்கி. "முதல்ல அவகிட்டயே ஒரு வார்த்தை கேளு. கேட்காம எங்கேயும் போயிடாதே."

இரண்டு மணிக்கு அண்ணி வந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சீருடை, இழுத்துக் கட்டிய கொண்டை. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால், யாரும் அவரைத்தான் நர்ஸ் என்பார்கள், என்னை நோயாளியின் உறவு என்பார்கள்.

காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். 'அண்ணி, ஒரு விஷயம் கேட்கணும்' என்று நிதானமாக ஆரம்பிப்பதாகத் திட்டம்.

"அண்ணி, மெஷினை நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்று உளறினேன்.

"தெரியும். டிபன் பாக்ஸைக் கழுவி வச்சேன், எடுத்துக்கிட்டியா?"

"தெரியுமா? எப்போ?"

"வியாழக்கிழமையே. பையைத் திறந்தா உன் மிச்சம் மீதி. நாத்தம் கூடத்துக்கு வந்துடுச்சு."

"ஒரு போன் பண்ணியிருந்தா கொண்டு வந்து கொடுத்திருப்பேனே."

"எதுக்கு? நீ பதறிக்கிட்டு ஓடி வருவே. வந்த இடத்துல எல்லாத்தையும் கிளறுவே."

இது என் மேல் உள்ள பாசமா, வேறு எதன் மேலோ உள்ள பயமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அப்ப அளவு எப்படி எழுதினீங்க? உங்ககிட்ட வேற மெஷின் இருக்கா?"

அண்ணி கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். "நாடி பார்த்தேன். மூச்சு பார்த்தேன். பத்து மாசமா இவரைப் பார்க்கிறேன், நூத்தி முப்பதை விட்டு மனுஷன் அசைஞ்சிருக்காரா? எனக்குத் தெரியாத அளவா?"

"அசைஞ்சா யாருக்குத் தெரியும் அண்ணி?"

"முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்."

நான் போர்வையை விலக்கி முதுகைக் காட்டினேன். அண்ணி குனிந்தார். விரலால் அழுத்தினார். எடுத்தார். இன்னொரு தடவை அழுத்தினார். நான் செய்ததையே செய்தார். முகம் வெளுத்துப்போனது.

"ரெண்டு மணி. வலது பக்கம் திருப்பணும்" என்றேன். "நீங்க திருப்புங்க, நான் தலையணையை எடுக்கிறேன்."

"நீயே ஒரு கை பிடியேன்."

"நீங்க தனியாத்தானே மூணு நாளும் திருப்பினீங்க?"

அவர் விரிப்பைப் பிடித்தார். இடது கையால் மட்டும். வலது கை கட்டில் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. தூக்க முயன்றார். தோள் ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்தது.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். மாஸ்டரைத் திருப்பி முடித்தேன். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசம். ஒருநாள் இவரைத் தூக்கும்போது தோள்ல ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. தலை சீவுறதே இடது கையாலதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லுவே. அவன் ஊருக்கே சொல்லுவான். ஆளைத் தூக்க முடியாத நர்ஸை யாரு கூப்பிடுவா? வீட்டுல உட்காருன்னு சொல்லிடுவாங்க. உட்கார்ந்து நான் யாரைப் பார்க்கிறது?" அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீ காலையில நல்லா திருப்பி வச்சிடுவே. மத்தியானம் இந்தம்மாவைப் பிடிச்சு ஒரு தடவையாவது திருப்பிடுவேன். சமாளிச்சேன். இந்த மூணு நாள்தான் நீ இல்ல. அந்தம்மாவுக்கும் கால் வீங்கிக் கிடந்துச்சு."

"அப்ப அந்தக் கட்டமெல்லாம்?"

"காலியா விட்டா கேள்வி வரும்ல."

எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. மூன்று நாள் மல்லாந்தே கிடந்த மாஸ்டருக்காகவா? மூன்று மாதம் இடது கையால் கொண்டை போட்டுக்கொண்ட இவருக்காகவா? தினமும் வாரத்துக்கு மூன்று தடவை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் அதைக் கவனிக்காத எனக்காகவா? பாருங்கள், எவ்வளவு குழப்பம் என்றால் கணக்கே தப்புகிறது.

"ஒரு வாரம் கொடு" என்றார் அண்ணி. "டாக்டரைப் பார்க்கிறேன். அதுவரைக்கும் உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் கஷ்டம்.

நான் வீட்டுக்குப் போகவேண்டியவள். கால்கள் ஆபீஸுக்குப் போயின.

எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, அதில் எங்கள் தலையெழுத்து. யார் எந்த வீடு, எத்தனை மணி என்று எழுதி அழிப்பவரை நாங்கள் ரோஸ்டர் அக்கா என்போம்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். "மெஷின் காணோம்னு உன் மேல புகார் வந்துச்சு. கவலைப்படாதே, முடிச்சுட்டேன்."

"முடிச்சுட்டீங்களா? எப்படி?"

ஒரு தாளைத் தள்ளினார். வெள்ளிக்கிழமை தேதி. அச்சடித்த கையெழுத்து.

'பிரஷர் மெஷின் கீழே விழுந்து பழுதாகிவிட்டது. சரிபார்க்க நானே எடுத்துச் சென்றிருக்கிறேன். காலை நர்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.'

அடியில் அண்ணியின் கையொப்பம்.

நான் அதை மூன்று தடவை படித்தேன். என்னைத் திருடி என்று சொல்லிவிடக் கூடாது என்று அண்ணி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு, மெஷின் ரிப்பேரில் என்று எழுதிய அதே வெள்ளிக்கிழமை, அதே கையால், மெஷினில் பார்த்த மாதிரி இரண்டு அளவும் எழுதியிருக்கிறார். ஃபைல் மாஸ்டர் வீட்டில், இந்தத் தாள் இங்கே. இரண்டையும் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் என் பெயர் சுத்தம். அண்ணி பெயரும் சுத்தம். மாஸ்டரின் முதுகு மட்டும்தான் பாக்கி.

"அக்கா, பச்சைத் தாள் ஒண்ணு கொடுங்க."

ரோஸ்டர் அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கூட வேலை செய்பவர் தவறு செய்தால் எழுதிக் கொடுக்கும் படிவம் அது. பச்சை நிறத்தில் இருக்கும். மூன்று வருடத்தில் இரண்டு பேர்தான் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பஸ் டிக்கெட்டை உள்ளே வைத்து மடிக்கக் கேட்டாராம்.

"யார் மேல?"

நான் சொல்லவில்லை. அவர் வெள்ளைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வீட்டுக்கு நேரே இரண்டே பெயர்.

"நல்லா யோசிச்சியா? இந்தத் தாள் உள்ளே போனா திரும்பி வராது."

"யோசிக்க யோசிக்க இன்னும் குழப்பமா இருக்கு அக்கா. யோசனையை நிறுத்திட்டுத்தான் வந்திருக்கேன்."

படிவத்தில் முதல் கேள்வி: 'சம்பந்தப்பட்டவருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு.' மூன்று கட்டம் கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி, சக ஊழியர், உதவியாளர். நாத்தனாருக்குக் கட்டம் இல்லை. இதைத் தயாரித்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது: 'நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதவும்.'

கண்ணால் எதைப் பார்த்தேன்? அண்ணி பொய் எழுதும்போது நான் பக்கத்தில் இல்லை. மூன்று நாள் மாஸ்டர் திரும்பாமல் கிடந்ததை நான் பார்க்கவில்லை. பேனாவைக் கடித்தேன். பேனா ரோஸ்டர் அக்காவுடையது. அவர் பார்த்தார். கடிப்பதை நிறுத்தினேன்.

பிறகு எழுதினேன்.

'மெஷின் பழுதாகவில்லை. புதன் மதியம் முதல் திங்கள் காலை வரை என் பையில் இருந்தது. தவறு என்னுடையது. அந்த நாட்களுக்கு ஃபைலில் ஆறு அளவுகள் இருக்கின்றன. திருப்பியதாகக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. வால் எலும்பின் மேல் சிவப்பு இருக்கிறது, அழுத்தினால் வெளுக்கவில்லை. மாலை நேர நர்ஸால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தோள் இந்த வேலையில்தான் போயிற்று. அவருக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.'

கடைசி இரண்டு வாக்கியமும் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் அடிக்கவில்லை.

ரோஸ்டர் அக்கா நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"மூத்த நர்ஸை நாளைக்குக் காலையில அனுப்புறேன். ஆனா இன்னிக்குச் சாயங்காலமே அங்கே தூக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். இவங்களை நிறுத்தணும்." பலகையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "ஆள் இல்லை. நீதான் போகணும்."

"நானா?"

"நீ போய்ச் சேர்ந்ததும் நான் அவங்களுக்குப் போன் பண்றேன். யார் எழுதினதுன்னு சொல்லமாட்டேன். அது விதி."

பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி படியிறங்கினேன்.

மாஸ்டர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் அண்ணியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?

"வருவேன்னு தெரியும். மனசு கேட்காதே உனக்கு. வா, ஆறு மணிக்குத் திருப்பணும். நீ இடுப்புகிட்ட பிடி, நான் தோள்கிட்ட பிடிச்சுக்கிறேன், இடது கை போதும்."

அவருடைய போன் அடித்தது. அலமாரியில் இருந்தது. "எடுத்துக் கொடு" என்றார். திரையில் ஆபீஸ் என்று வந்தது. கொடுத்தேன்.

"சொல்லுங்க அக்கா... ஆமா... ம்... யாரு?... சரி... சரிங்க."

வைத்துவிட்டார்.

"வேலையை நிறுத்தச் சொல்றாங்க. இன்னிக்கே. நாளைக்கு ஆபீஸுக்கு வரணுமாம். திருப்புற தாளைப் பத்தி யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்களாம்."

நான் கட்டிலின் அந்தப் பக்கம் போய் விரிப்பைப் பிடித்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அண்ணியும் பழக்கத்தில் வந்து இடது கையால் பிடித்தார். மணி ஆறு.

"அவங்கதான்" என்றார் அண்ணி, சமையலறைப் பக்கம் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்தி. "கால் வலின்னு தைலம் எடுத்துக் கொடுத்தேன். கூட உட்கார்ந்து பேசினேன். எப்படி மனசு வந்துச்சு இவங்களுக்கு? தூக்கு."

தூக்கினோம். மாஸ்டர் பாதி திரும்பினார்.

அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் நாளை முழுக்க, ஏன், ஆயுள் முழுக்க என் பச்சைத் தாளுக்காகப் பழி சுமப்பார். விதி என்னைக் காப்பாற்றும். ரோஸ்டர் அக்கா வாயைத் திறக்கமாட்டார்.

"நான்தான் அண்ணி எழுதினேன்."

விரிப்பின் அந்த முனை இழுபடுவது நின்றது. மாஸ்டர் எங்கள் இருவர் கையிலும் ஒரு பக்கமாக நின்றார். நான் விட்டால் அவர் அந்தச் சிவப்பின் மேலேயே விழுவார். அண்ணி விட்டாலும் அப்படித்தான்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஒரு அறை விழுந்தாலும் சரி என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவருக்குக் கை காலியில்லை.

"அப்புறம்?" என்றார் மாஸ்டர்.

"தலையணையை வை" என்றார் அண்ணி.

வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு. முழங்காலுக்கு ஒண்ணு."

வைத்தேன். அண்ணி குனிந்து, இடது கையால் மாஸ்டரின் சட்டை மடிப்பை நீவிவிட்டார். நேரம் எழுதும் தாளை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். பிறகு இரண்டையும் என் பக்கம் நீட்டினார்.

'ஆறு மணி. இடது' என்று எழுதினேன். என் கோழிக் கிளறல் அவர் கையெழுத்துக்குக் கீழே ஆடிக்கொண்டு நின்றது.

அண்ணி கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். தோள் வலியில் வலது கையால் கொக்கியைப் போட முடியவில்லை. நான் கிட்டே போனேன். கையை இழுத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒன்பது மணி வரைக்கும் நீதானே இங்கே?"

"ஆமா அண்ணி."

"உன் வீட்டுக்காரன் எத்தனை மணிக்கு வருவான்?"

"ஏழு ஆகும்."

"சாவியைக் கொடு."

"எதுக்கு அண்ணி?"

"உன் வீட்டுலதான் இருப்பேன். தம்பி வரட்டும்."

தம்பியிடம் அழப்போகிறாரா, என்னைப் பற்றிச் சொல்லப்போகிறாரா, தோளைக் காட்டப்போகிறாரா? முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார், இடது உள்ளங்கையை.

சாவியை அதில் வைத்தேன்.